தோற்ற இயக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காக நட்சத்திரச் சின்னத்தில் ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போனவர். அந்தக் கட்சி இன்று இருந்த இடம் தெரியவில்லை. இங்கிலாந்திலும் கனடாவிலும் பழமைவாதக் கட்சிகள் மண்ணைக் கவ்விய பிறகும் எழுந்து ஆட்சிக்கு வந்திருக்கின்றன. காவிரிப் படுகையில் மட்டும் அது ஏன் நடக்கவில்லை? குடும்பம், கோயில், சொத்துரிமை, ஊர்த் தன்னாட்சி என்று பேசுகிற ஓர் இயக்கம் தேர்தலில் தோற்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்? பெரிய கட்சி ஒன்றோடு சேர்ந்துவிடுவது நல்லதா?

கும்பகோணத்தில் அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். அந்த அரசியலின் மேல் பற்றும் உண்டு. பற்று இருப்பதால்தான் சில இடங்களில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோற்ற இயக்கம் எழ முடியும், தம்பி. அதற்கு முன் இரண்டு விஷயங்களில் அது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். எதிர்த்தரப்பு கொண்டுவந்த மாற்றங்களில் எவற்றை இனி எதிர்ப்பதில்லை என்பது ஒன்று. காப்பாற்ற வேண்டிய உடைமை இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் முடிவை இங்கிலாந்துக்காரர்கள் எடுத்தார்கள், பிழைத்தார்கள். இரண்டாவதை நம் ஊரில் எவரும் எடுக்கவில்லை என்பது என் கணிப்பு.

1945 ஜூலையில் வந்த தேர்தல் முடிவை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் போரை வென்று முடித்த சர்ச்சிலையே மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். கன்சர்வேட்டிவ்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் இருநூற்றுச் சொச்சம். கட்சி அந்த அதிர்ச்சியை ஒரு படிப்பாக மாற்றிக்கொண்டது. ராப் பட்லர் தலைமையில் கட்சியின் ஆய்வுப் பிரிவு மீண்டும் உயிர்பெற்றது. அதிலிருந்து 1947-ல் வந்த 'தொழில் சாசனம்' நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆகியவை அரசுடைமையானதைத் திருப்பப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டது. தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தை 1946-ல் எதிர்த்து வாக்களித்தவர்கள், ஆட்சிக்கு வந்தபின் அதைக் கலைக்கவில்லை. கட்சிக்குள் இதைச் சரணாகதி என்றவர்கள் உண்டு. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் குழந்தைக்கு இலவச வைத்தியம் கிடைத்துவிட்ட பிறகு, அதைப் பிடுங்குவோம் என்று சொல்லி எந்தக் கட்சி அந்தத் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டுப் போக முடியும்?

அதோடு நிற்கவில்லை. கட்சித் தலைமை அலுவலகத்தை ஏற்ற வூல்ட்டன் பிரபு உறுப்பினர் சேர்ப்பை ஓர் இயக்கமாகவே நடத்தினார். உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. இளைஞர் அமைப்பு புதிதாகக் கட்டப்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1949-ல் வந்தது. அதுவரை பணக்கார வேட்பாளரே தன் தேர்தல் செலவை ஏற்பதும், தொகுதிக் கட்சிக்குப் படியளப்பதும் வழக்கம். கட்சி அமைத்த மேக்ஸ்வெல் ஃபைஃப் குழு அதை நிறுத்தியது. வேட்பாளர் தொகுதிச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 25 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. தேர்தல் செலவு கட்சியைச் சேர்ந்தது. 1951-ல் தொழிற்கட்சியைவிடக் குறைந்த வாக்குகளே பெற்றும் 321 இடங்களோடு ஆட்சிக்கு வந்து, தொடர்ந்து 13 ஆண்டுகள் ஆண்டார்கள்.

இப்போது நம் சீமைக்கு வருகிறேன். இங்கே இந்த அரசியலின் மிகச் சிறந்த செயல் சுதந்திராக் கட்சி பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. 1952-ல் ராஜாஜி முதலமைச்சரானபோது தஞ்சை மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் நடந்த மண் இது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் பத்தாண்டு உழைத்து அந்த மக்களைச் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர் ராஜாஜி. அந்த ஆண்டு ஜூனில் அவர் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியபோது பெருநிலக்காரர்களான மிராசுதாரர்கள் கொண்டாடினார்கள். ஆகஸ்டில் அதே ராஜாஜி தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்றுவதற்குத் தடை விழுந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வரையறை வந்தது. கொண்டாடியவர்களின் முகம் மாறிவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. பண்ணையாளை நாள்கூலியாக மாற்றி நழுவிய பண்ணைகள் பல. இருந்தாலும் அதன் அரசியல் அறிவு பெரியது. உழுகிறவனுக்குக் காலூன்ற ஓர் இடம் கிடைத்தால்தான் ஊரில் ஒழுங்கு நிலைக்கும் என்பதை ஒரு பழமைவாதி, தன்னை ஆதரித்த நிலக்காரர்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல், சட்டமாக்கினார். நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களுக்கு இந்த ஒரு சட்டத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டே சுதந்திராக் கட்சி பிறந்தது. ராஜாஜி, மினு மசானி, என்.ஜி. ரங்கா, கே.எம். முன்ஷி என்று பெரிய பெயர்கள். 1962-ல் மக்களவையில் 18 இடங்கள், 1967-ல் 44 இடங்களோடு மிகப்பெரிய எதிர்க்கட்சி. தமிழகத்தில் 1967-ல் தி.மு.க. கூட்டணியில் சட்டமன்றத்துக்கு 20 பேர் போனார்கள். நான்கே ஆண்டுகளில் அணி மாறி, காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார்கள். 1971-ல் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. சுதந்திராவுக்கு இங்கே 6, டெல்லியில் 8. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று, 94-ஆவது வயதில், ராஜாஜி காலமானார். 1974-ல் கட்சி சரண்சிங்கின் புதிய கட்சியில் கரைந்தது. தோல்விக்கும் கலைப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. படிப்பு நடக்க வேண்டிய காலத்தில் பத்திரம் எழுதி முடித்துவிட்டார்கள்.

ராஜாஜி போனதால் கட்சி போயிற்று என்பார்கள். அது பாதி உண்மை. கட்சியின் கொள்கையில் சிறு விவசாயி இருந்தார். முதல் தலைவர் ரங்காவே குடியானவர் சொத்துரிமைக்காக வாழ்நாளெல்லாம் பேசியவர். காவிரிப் படுகையில் அந்தக் கொள்கைக்கு முகம் கிடைக்கவில்லை. பெருநிலக்காரர்களில் பலர் காங்கிரசிலேயே இருந்துவிட்டார்கள். 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) நில உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது காங்கிரஸ்தான். அதை அமல்படுத்தும் அதிகாரமும் காங்கிரஸ் கையில்தான். பாதுகாப்பு எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சுதந்திராவுக்குப் பெரிய பண்ணையும் முழுதாக வரவில்லை. சின்னக் குடியானவரை அது தேடிப் போகவும் இல்லை.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1955-லும் 1956-லும் மாநிலம் முழுவதற்கும் குத்தகைதாரர் பாதுகாப்பும் நியாயக் குத்தகையும் சட்டமாயின. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம், நிலக்காரரின் இடத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. ஒவ்வொரு சட்டமும் இழப்பதற்கு ஏதோ ஒன்று உள்ள ஒரு புது மனிதரை உருவாக்கியது. சொத்துரிமையைக் காப்பதே எங்கள் வேலை என்று சொன்ன கட்சி, பட்டா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குடிசை வாசலுக்குத்தான் போயிருக்க வேண்டும். அங்கே சிவப்புக் கொடிக்காரர்கள் போனார்கள், தி.மு.க.வினர் போனார்கள். இவர்கள் பழைய பெரிய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். வழக்கில் நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. சட்டம் ஒழுங்கு, ஊரின் நல்லிணக்கம், மூத்தோர் மரபு என்று பேசுகிற எந்த இயக்கமும் இந்த மண்ணில் அந்தச் சாம்பலைக் கடந்துதான் ஓட்டுக் கேட்க முடியும். 'அது பழைய கதை' என்று நழுவுகிறவரை அந்தத் தெருக்கள் ஒருநாளும் நம்பாது, நம்பவும் கூடாது. உயிரையும் வீட்டையும் காப்பதே அரசின் முதல் கடமை என்பது பழமைவாதத்தின் அடிப்படை வாதம். அந்தக் கடமை இங்கே மிகக் கொடூரமாகத் தவறிய இடம் வெண்மணி. அதை உரக்கச் சொல்லும் துணிவு இந்த இயக்கத்துக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது?

முதல் முடிவை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். நம் படுகையில் இனி எதிர்க்கக் கூடாதது எது? ரேஷன் கடை, பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம், நேரடி நெல் கொள்முதல் நிலையம். சந்தையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர், சம்பா அறுவடை நேரத்தில் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போய் நிற்கட்டும். சாலையோரம் அம்பாரமாகக் குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, விவசாயி ராத்திரியெல்லாம் அதன் பக்கத்திலேயே படுத்திருப்பார். மழை தூறினால் ஈரப்பத மானியில் முள் 17 சதவீதத்தைத் தாண்டும். தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மாநில அரசு மத்திய அரசுக்குத் தளர்வு கேட்டு எழுதும், குழு வரும், பார்க்கும், உத்தரவு வர நாள் ஆகும். அதற்குள் நெல் முளைத்துவிடும். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர்களும் உண்டு. இந்த நிலையத்தை மூடச் சொன்னால் எந்த விவசாயி ஓட்டுப் போடுவார்? கூரை போட்ட களம், காலத்தோடு கொள்முதல், கை நீட்டாத எடை ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்று ஊரோடு நிற்கிற இயக்கத்துக்குப் போடுவார். அரசு சிக்கனமாகவும் நேர்மையாகவும் நடக்க வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது முடிவு இன்னும் முக்கியமானது. காவிரிப் படுகையின் உடைமை இன்று ஒரு மா, இரண்டு மா, ஓர் ஏக்கர் என்று சிதறிக் கிடக்கிறது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகச் சாகுபடி செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. மனைப்பட்டா பெயர் மாறாமல் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. இவர்கள்தான் இன்றைய உடைமைக்காரர்கள். நிலத்துக்கடியில் மீத்தேன் எடுக்கும் திட்டம் மன்னார்குடி வட்டாரத்துக்கு வந்தபோது பதறியவர்கள் இவர்களே. எதிர்ப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில், அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2017-ல் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டம். 2020-ல் காவிரிப் படுகைக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். மண்ணையும் தண்ணீரையும் முன்னோர் தொழிலையும் காக்கும் இந்தப் போராட்டத்தைவிடப் பழமையைப் பேணுகிற அரசியல் வேறு எது? முன்னால் நின்றவர்களோ இடதுசாரிகள், தமிழ்த் தேசியர்கள், விவசாயச் சங்கங்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்ற பழைய நெல் ரகங்களைத் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமனுக்குப் பின்னாலும் எந்தப் பழமைவாதக் கட்சியும் இல்லை. காக்கிற வேலையை மற்றவர்கள் செய்துகொண்டிருக்க, காப்போம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் தொலைக்காட்சியில் விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வாய்க்காலையும் பாருங்கள். ஊர்க்காரர்களே கூடித் தூர் வாரும் குடிமராமத்தை 1858-லேயே வெள்ளைக்கார அரசு சட்டத்தில் எழுதி வைத்தது. அரசை எதிர்பாராமல் ஊர் தன்னைத் தானே ஆளும் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? இன்று மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வதில் வருஷா வருஷம் சண்டை. தோற்ற இயக்கத்துக்குக் கையில் அதிகாரம் இல்லை. மண்வெட்டியைத் தூக்க அதிகாரம் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தன் ஒன்றியத்தில் நான்கு வாய்க்காலைத் தூர்வாரிக் காட்டிய கட்சிக்கு ஓட்டுக் கேட்கும்போது அறிமுகம் தேவைப்படாது.

இனி அமைப்பு. தோல்விக்குப் பிறகு எல்லாக் கட்சியிலும் முதலில் நடப்பது தலைவரை மாற்றும் சண்டை. அதை ஒத்திப்போட்டுவிட்டு, படிவம் 20-ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் அலுவலர் தயாரிக்கும் தாள் அது. நம் ஊர்களில் சாவடிகள் பெரும்பாலும் தெரு வாரியாகவே பிரிந்திருக்கும். அக்ரகாரமும் கடைத்தெருவும் ஒரு சாவடி, குடியானத் தெரு ஒரு சாவடி, ஆதிதிராவிடர் தெரு ஒரு சாவடி. வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் படித்தால், கட்சி எந்த மதகோடு நின்றுவிட்டது என்பது பளிச்சென்று தெரியும். ஒரு சாவடியில் 200 ஓட்டும் அடுத்த சாவடியில் ஒன்பது ஓட்டும் வாங்கியிருந்தால், பிரசாரம் போதவில்லை என்று அர்த்தமில்லை. அந்தத் தெருவில் நமக்கு ஒரு வீடுகூட உறவில்லை என்று அர்த்தம். அந்த ஒன்பது பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த ஆண்டின் முதல் வேலை.

வேட்பாளர் விஷயத்தில் இங்கிலாந்தின் 1949 பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொந்தப் பணத்தில் கார் அனுப்பிப் பந்தல் போட்டுத் தேர்தல் நடத்துகிறவருக்கே சீட்டு என்ற வழக்கம் இருக்கும்வரை, வயலில் இறங்குகிற மனிதரோ பள்ளி ஆசிரியையோ மேடையேற மாட்டார்கள். அதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கின்றன. கட்சியின் பெயர் கெட்டிருந்தாலும் ஆளின் பெயர் நல்லதாக இருந்தால் அங்கே வெல்லலாம். கூட்டுறவுச் சங்கமும் அப்படித்தான். அமெரிக்காவில் 1964-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் ஆறே மாநிலங்களில் வென்று நொறுங்கினார். அவருக்காக உழைத்த தொண்டர்கள் கலையாமல் கீழ்மட்டத் தேர்தல்களில் தங்கினார்கள். இரண்டே ஆண்டில் அதே கட்சியின் ரீகன் கலிபோர்னியா ஆளுநராகத் தேர்வானார். நம் நாட்டில் 1984-ல் இரண்டே இடம் பெற்ற பா.ஜ.க. 1989-ல் 85 இடங்களுக்கு வந்ததற்கும் கலையாத தொண்டர் அமைப்பு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கட்சியின் பாதை வேறு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காவிரிக் கரையின் மரபு ஒரு சமயத்துக்கோ ஒரு சாதிக்கோ பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் உள்ள முஸ்லிம் குடும்பங்கள், வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவக் கிறிஸ்தவர்கள், வெண்மணிப் பக்கத்து உழவுத் தொழிலாளிகள் எல்லோரும் குடும்பத்தையும் பெரியோரையும் வழிபாட்டையும் மதித்து வாழ்கிறவர்கள். மரபைக் காக்கும் இயக்கத்தின் கூட்டத்தில் இவர்கள் முன்வரிசையில் உட்கார முடியவில்லை என்றால், அந்த இயக்கம் காப்பது மரபை அன்று, வேறெதையோ.

பெரிய கட்சியோடு சேர்வது பற்றிக் கேட்டீர்கள். கனடாவைப் பாருங்கள். ஆட்சியில் இருந்த முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 1993-ல் இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. மேற்கு மாகாணங்களின் அதிருப்தியில் வளர்ந்த சீர்திருத்தக் கட்சிக்கு 52. இரண்டும் பத்து ஆண்டு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு லிபரல்களை ஆளவிட்டன. 2003-ல் இணைந்தார்கள், 2006-ல் சிறுபான்மை ஆட்சி, 2011-ல் அறுதிப் பெரும்பான்மை. அங்கே சேர்ந்த இரு தரப்புக்கும் தங்களுக்கென்று வாக்காளர்களும் வட்டாரமும் இருந்தார்கள். 1974-ல் சுதந்திரா சேர்ந்தபோது தமிழகத்திலிருந்து கொண்டுபோக அதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் சேர்வதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். உங்கள் ஒன்றியத்தில் பத்து ஊராட்சிகளிலாவது, எல்லாத் தெருவிலிருந்தும் வந்த ஆட்கள் வார்டு உறுப்பினராக உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சை எடுங்கள். இங்கிலாந்துக்கு ஆறு ஆண்டு, கனடாவுக்குப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு முப்பது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன், காலம் இருக்கிறது. படிவம் 20 மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலும் இருக்கும். முதலில் வலங்கைமான் வட்டாரச் சாவடிகளை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள், அதன்மேல் பேசலாம்.